அம்மாவின் பணியாரச் சட்டியும் என் காரத் தொட்டியும்

(வேதியியல் துறை முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. பேசியபடியே, சற்றுச் சுருக்கி எழுதப்பட்டது.)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுவது பெரிய தண்டனை. பேசுகிறவனுக்கா கேட்கிறவருக்கா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நம் செயலாளர் போன மாதம் போன் செய்து, "இருபது நிமிஷம் தர்றேன், ஏதாவது பேசு. சர்க்கரை வியாதி, பென்ஷன் ரெண்டு மட்டும் வேண்டாம், அதை மத்தவங்க எடுத்துக்கிட்டாங்க" என்றார். போன சந்திப்பில் சில சகோதரிகள் என்னிடம் ஒன்று கேட்டிருந்தார்கள். "உங்க வீட்டுத் தோசைக்கல் அவ்வளவு பளிச்சுன்னு இருக்கே, எப்படிங்க?" என்று. சரி, அதையே பேசிவிடுவோம் என்று வந்துவிட்டேன். எண்ணெய் ஏறிக் கெட்டுப்போன பழைய வார்ப்பிரும்புப் பாத்திரத்தை வீட்டிலேயே காஸ்டிக் சோடாத் தொட்டியில் ஊறவைத்துச் சுத்தம் செய்வது எப்படி? இதுதான் என் தலைப்பு.

இதோ மேசைமேல் இருக்கிறதே, இது என் அம்மாவின் பணியாரச் சட்டி. ஏழு குழி. பாட்டி வீட்டுச் சீராக வந்தது. கிட்டே வந்து பார்த்தால் நடுக்குழியிலிருந்து விளிம்பு வரை ஒரு விரிசல் தெரியும். அந்த விரிசலை உண்டாக்கியது நான். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1986 தீபாவளிக்கு முந்தின வாரம். நான் அப்போது ஈரோட்டுப் பக்கம் ஒரு துணி பதனிடும் மில்லில் கெமிஸ்ட். லீவில் ஊருக்குப் போயிருந்தேன். சட்டியில் வருஷக்கணக்காக எண்ணெய் ஏறி, வெளிப்பக்கம் விரல் தடிமனுக்குக் கரிப் பொருக்கு. குழிக்குள்ளேயும் பொருக்கு கட்டி, பணியாரம் திருப்பினால் பாதி சட்டியோடு போய்விடும். அம்மா சொன்னார்: "ஏண்டா, நீ கெமிஸ்ட்ரி படிச்சவன்தானே. இதைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடேன்."

படித்தவன் என்ன செய்தேன் தெரியுமா? கொல்லையில் தேங்காய் மட்டையை அடுக்கி நெருப்பு மூட்டி, சட்டியைத் தூக்கி அதில் போட்டேன். பொருக்கெல்லாம் எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. எனக்கு ஒரே பெருமை. இரும்பு ஆறும்வரை பொறுக்க மனசில்லை. பக்கத்தில் குடத்தில் தண்ணீர் இருந்தது. எடுத்து ஊற்றிவிட்டேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

வார்ப்பிரும்பில் கரி 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கிறது, அதனால் அது நொறுங்கும் குணம் கொண்டது, ஒரு பக்கம் சட்டென்று சுருங்கி மறுபக்கம் சுருங்காவிட்டால் வெடிக்கும் என்பதெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். குடத்தைத் தூக்கும்போது அதில் ஒரு வரி கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

அம்மா வந்து பார்த்தார். "போகட்டும் விடு, பழசுதானே" என்றார். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பணியாரம் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. விரிசலில் எண்ணெய் கசிந்து அடுப்பில் சொட்டும். வேறு சட்டி வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ முறை சொன்னேன். "பார்ப்போம்" என்பார். 2003-இல் அம்மா காலமானார். பாத்திரங்களைப் பங்கு பிரித்தபோது பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் ஆள் இருந்தது. பரணில் ஒரு சாக்கில் சுற்றி, இந்தச் சட்டியும் பாட்டி காலத்துக் கனமான தோசைக்கல்லும் கிடந்தன. இரண்டையும் யாரும் கேட்கவில்லை. நான் எடுத்து வந்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு நிதானமாக யோசிக்கத் தோன்றியது. மில்லில் தினமும் நான் புரண்டதே காஸ்டிக் சோடாவில்தான். பருத்தி நூலைக் கனமான காரக் கரைசலில் நனைக்கும் மெர்சரைசிங் முறைக்கு ஜான் மெர்சர் 1850-இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு இருபது சதவீதத்துக்கு மேல் காரம் வேண்டும். சட்டிக்கோ அதில் பத்தில் ஒரு பங்கு பலம் போதும். கையிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறேன்!

முதலில், இது எப்படி வேலை செய்கிறது? சூடான இரும்பில் எண்ணெயை மெல்லப் பூசினால் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஒரு கெட்டியான படலமாகிறது. நம் வீட்டுப் பெண்கள் இதைத்தான் 'கல்லு பழகிடுச்சு' என்கிறார்கள். பாலிமர் என்று நாம் மூன்று வருஷம் படித்ததற்கு அவர்கள் வைத்த பெயர் 'பழக்கம்'. படலம் மெலிதாக இருந்தால் தோசை வழுக்கிக்கொண்டு வரும். அதுவே அளவுக்கு மீறி ஏறி, கரியும் மாவும் சேர்ந்தால் பொருக்கு.

எண்ணெய் பாலிமர் ஆன பிறகும் அதற்குள் எஸ்டர் பிணைப்புகள் இருக்கின்றன. காரம் அந்தப் பிணைப்பைப் பிடித்து வெட்டும். சோப்புக் காய்ச்சும் அதே வினைதான். கொழுப்பு சோப்பாகிக் கரைந்து போகும். கரி தானாகக் கரையாது. ஆனால் அதைப் பிடித்து வைத்திருந்த பசை போய்விடுவதால் தானாக உதிரும். இரும்பை இந்தக் காரம் ஒன்றும் செய்யாது. நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஊறினாலும் சட்டி அப்படியே இருக்கும். இதுதான் இந்த முறையின் அருமை. நம் பாட்டிமார் சாம்பலையும் தேங்காய் நாரையும் வைத்து விளக்கியதும் இதே வேதியியல்தான். சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட். அது சாதுவான காரம், நாம் எடுப்பது கொஞ்சம் முரடு.

இனிமேல் செய்முறை. வேண்டுமென்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டிரம் ஒன்று வேண்டும். அலுமினியம் கூடாது, தகர வாளி கூடாது. தகர வாளியில் பூசியிருக்கும் துத்தநாகத்தையும் காரம் தின்றுவிடும். கண்ணாடியும் வேண்டாம். பியூரெட்டில் காரம் எடுத்துவிட்டுக் கழுவாமல் வைத்து, அடுத்த நாள் திருகு ஒட்டிக்கொண்டு, அட்டெண்டரிடம் திட்டு வாங்கியவர்கள் இந்த மண்டபத்தில் குறைந்தது பத்துப் பேர் இருப்பார்கள்.

டிரம்மில் முதலில் 20 லிட்டர் பச்சைத் தண்ணீர். அதற்கு அரைக் கிலோ காஸ்டிக் சோடாச் செதில். நம் மேட்டூரிலும் சாகுபுரத்திலும் உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தி எடுக்கிற சரக்குதான். கெமிக்கல் கடையில் கிடைக்கும். சாக்கடை அடைப்பு எடுக்கும் பொடியை வாங்கிப் போடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் அலுமினியத் துகள் கலந்திருக்கும்.

செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் தூவி மரக்குச்சியால் கலக்க வேண்டும். காரத்தைத் தண்ணியில போடணும், தண்ணியைக் காரத்துல ஊத்தக் கூடாது. முதல் வருஷம் முதல் நாள் நம் செய்முறை ஆசிரியர் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னாரே, அதே வாக்கியம். காரணத்தைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். அரைக் கிலோ என்பது பன்னிரண்டரை மோல். மோலுக்கு ஏறக்குறைய 44 கிலோஜூல் வெப்பம். இருபது லிட்டரில் அது பரவினால் தண்ணீர் ஆறேழு டிகிரிதான் சூடேறும். அதே அரைக் கிலோவைக் கொட்டி வைத்து அதன்மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். சரக்கும் ஒன்றே, அளவும் ஒன்றே. வரிசை மாறினால் கண் போய்விடும்.

கண் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். மில்லில் ஒரு நாள் குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போய், ஒரு தொழிலாளியின் முகத்தில் காரம் பட்டுவிட்டது. நான் மருந்துப் பெட்டியைத் தேடி ஓடினேன். எங்கள் மேஸ்திரி எட்டாவது வரை படித்தவர். அவர் எதையும் தேடவில்லை. அந்த ஆளின் கழுத்தைப் பிடித்துக் குழாயடியில் அமுக்கி, கண் இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, அவர் கதறக் கதற அரை மணி நேரம் தண்ணீர் விட்டார். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. "தண்ணி விட்டதாலதான் பார்வை பிழைச்சது" என்று டாக்டர் சொன்னார். அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குப் பொல்லாதது. அது திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். விரலில் பட்டால் வழவழ என்று இருக்கிறதே, அது நம் தோலின் கொழுப்பே சோப்பாகிறது என்று பொருள்.

ஆகவே இதில் சமரசமே கிடையாது. முழங்கை வரை ரப்பர் கையுறை, பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கை சட்டை, காலை முழுவதும் மூடும் காலணி. படிக்கிற மூக்குக் கண்ணாடி போதாது. உடம்பில் பட்டால் வினிகர் ஊற்றாதீர்கள், எலுமிச்சை தேய்க்காதீர்கள். தண்ணீர், தண்ணீர், தண்ணீர்தான். பக்கத்தில் குழாய் இல்லாத இடத்தில் இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம்.

பாத்திரத்தை இரும்புக் கம்பியில் கட்டி மெதுவாக இறக்குங்கள். 'தொப்' என்று போட்டால் தெறிக்கும். மரப்பிடி இருந்தால் கழற்றிவிடுங்கள். முழுவதும் மூழ்க வேண்டும். மூடியை இறுக்குங்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் குடித்துக் காரம் சோடியம் கார்பனேட்டாகிப் பலம் குறையும். அதைவிட முக்கியம், வீட்டில் குழந்தைகள், நாய், பூனை இருக்கும். டிரம்முக்குப் பூட்டுப் போட்டு, 'காஸ்டிக் சோடா, தொடாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.

நான் முதல் தடவை எழுதவும் இல்லை, பூட்டவும் இல்லை. 2004-இல் இரண்டு நாள் வெளியூர் போயிருந்தேன். "இரும்பே இவ்வளவு சுத்தமாகுதே" என்று என் மனைவி, அடி கருகின அலுமினிய வாணலியை அதில் போட்டுவிட்டார். போட்டதும் நுரைத்துப் பொங்க ஆரம்பித்திருக்கிறது. போனில், "ஏங்க, உங்க டிரம் கொதிக்குதுங்க!" அடுப்பில்லாமல் கொதிக்கிறது என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அலுமினியமும் காரமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும், அது தீப்பிடிக்கிற வாயு. "கிட்டே போகாதே, விளக்கு ஏத்தாதே, குழந்தைங்களை முன்பக்கம் கூட்டிட்டு வந்துடு" என்றேன். நல்லவேளை டிரம் இருந்தது திறந்த வெளியில். வந்து பார்த்தால் வாணலி கறுத்து, ஓட்டை விழுந்து, வடிகட்டி மாதிரி இருந்தது. தப்பு அவர் மேல் இல்லை. விஷயம் தெரிந்தவன் தெரியாதவர்களுக்குச் சொல்லாமல் போனதுதான் தப்பு. அன்று சாயங்காலமே பூட்டு வாங்கினேன்.

மூன்று நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். தண்ணீர் காப்பி டிகாக்‌ஷன் மாதிரி ஆகியிருக்கும். தனி வாளியில் அலசி, கையுறையோடு தேங்காய் நாரால் தேயுங்கள். கூழ் மாதிரி வழிந்து வரும். வராததை மறுபடி இறக்குங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரம், பத்து நாளில் பெரும்பாலும் முடிந்துவிடும். அவசரப்பட்டு டிரம்மைச் சூடுபடுத்த வேண்டாம். ஒரு தடவை கலக்கிய கரைசல் பல மாதம் உழைக்கும். பலம் போன பின் அதைத் தோட்டத்திலோ மழைநீர்க் கால்வாயிலோ செப்டிக் டேங்கிலோ கொட்டாதீர்கள். பாதாளச் சாக்கடையில், கொஞ்சம் கொஞ்சமாக, நிறையத் தண்ணீரோடு விடுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட் எதுவும் அதோடு சேரவே கூடாது.

காரம் துருவை எடுக்காது. அதற்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் வையுங்கள், எடுத்துத் தேயுங்கள், வேண்டுமானால் மறுபடி அரை மணி. ராத்திரி போட்டு மறந்துவிட்டால் அமிலம் இரும்பையே அரித்துவிடும். காரத்தை நன்றாகக் கழுவிவிட்ட பிறகுதான் வினிகர் என்பதை மறவாதீர்கள்.

இப்போது சட்டி வெறும் சாம்பல் நிறத்தில் நிற்கும். கழுவிச் சில நிமிஷத்திலேயே செம்மை படரும். உடனே துடைத்து அடுப்பில் சிறு தீயில் ஏற்றி ஈரத்தைப் போக்குங்கள். சிறு தீ! விரிசல் விட்டவன் சொல்கிறேன். பிறகு நல்லெண்ணெய் சில சொட்டு விட்டு, எல்லா இடமும் தேய்த்து, 'இனி எண்ணெயே இல்லை' என்று தோன்றும்வரை துணியால் துடைத்து எடுங்கள். புகை வந்து அடங்கும்வரை சூடாக்கி, தானாக ஆறவிடுங்கள். இப்படி நாலைந்து முறை. எண்ணெய் அதிகமானால் பிசுபிசு என்று ஒட்டும். அப்புறம் பாட்டி வழிதான்: பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துத் தோசை ஊற்றுங்கள். முதல் நாலு தோசை பிய்ந்துதான் வரும். கவலைப்படாதீர்கள், வீட்டில் அதைச் சாப்பிடத்தான் நாம் இருக்கிறோமே.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, நன்றாகப் பழகின கல்லைச் சுத்தம் என்ற பெயரில் காரத்தில் போடாதீர்கள். கறுப்பாக, வழவழப்பாக, தோசை ஒட்டாமல் வந்தால் அது அழுக்கே இல்லை, பல வருஷ உழைப்பு. இரண்டு, பழைய இரும்புக் கடையில் வாங்கும் சட்டிகளில் கவனம் வேண்டும். வலைக்கு ஈயக் குண்டு வார்க்க இரும்புச் சட்டியில் ஈயம் உருக்கும் வழக்கம் உண்டு. அந்தச் சட்டி எந்தத் தொட்டியில் ஊறினாலும் சமையலுக்கு ஆகாது. வரலாறு தெரியாத சட்டியைச் சமையலறைக்குள் விடாமல் இருப்பதே நல்லது.

பாட்டியின் தோசைக்கல் பன்னிரண்டு நாள் ஊறியது. இப்போது என் மகள் வீட்டில் தினமும் அடுப்பில் இருக்கிறது. இந்தப் பணியாரச் சட்டியையும் கூடவே ஊறவைத்தேன். உபயோகப்படாது என்று தெரிந்தேதான் செய்தேன். அம்மா சுத்தம் பண்ணிக் கொடு என்று கேட்டிருந்தார், அந்த வேலை பாக்கி இருந்தது. பொருக்கெல்லாம் போனதும் விரிசல் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. பட்டறையில் கொண்டுபோய்க் காட்டினேன். "பத்த வைக்கலாம் சார், ஆனா வார்ப்பிரும்பு, பக்கத்துல மறுபடி விடும்" என்றார்கள். சரி, இருக்கட்டும் என்று எடுத்து வந்துவிட்டேன். எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன், துருப்பிடிக்கவில்லை.

1986-இல் எனக்கு அரைக் கிலோ காஸ்டிக் சோடா கிடைக்காமல் இல்லை. மில்லில் டன் கணக்கில் கிடந்தது. எனக்கு இல்லாதது பத்து நாள் பொறுமை. இந்த முறையில் நாம் செய்கிற வேலை கொஞ்சம்தான், காத்திருப்பதுதான் அதிகம். அந்தப் பத்து நாளை அன்றே கொடுத்திருந்தால் அம்மா கையால் இன்னும் பதினேழு தீபாவளிக்குப் பணியாரம் சாப்பிட்டிருப்பேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு சாக்கு இருக்கும். இறக்கிப் பாருங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். காரத்தைத் தண்ணீரில் போடுங்கள். மறக்காமல் டிரம்மைப் பூட்டுங்கள்.